220 வோல்ட் டிசி மோட்டாரை 440-க்கு மாற்றிய அனுபவமும், பிரஷ்ஷில் விட்ட கணக்கும்

மார்ச் கடைசி வாரம் அந்த மோட்டார் லாரியில் வந்து இறங்கியது. டர்பனின் தெற்கே ஜேக்கப்ஸ் பகுதியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் ரீவைண்டிங் பட்டறை. மோட்டார் வந்தது ஜோகனஸ்பர்க்கை ஒட்டிய ஜெர்மிஸ்டனிலிருந்து. அங்கே ஒரு தொழிற்சாலையில் கேபிளுக்கு பிளாஸ்டிக் மேலுறை போடும் எக்ஸ்ட்ரூடரை ஓட்டிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகையில் 30 கிலோவாட், 220 வோல்ட், 155 ஆம்பியர், 1150 ஆர்பிஎம், நான்கு போல் (காந்த முனை). பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை. ஆர்மெச்சூர் என்ற சுழலும் பகுதிக்கு மின்னோட்டத்தைச் சேர்க்கும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் ஒரு பக்கம் உருகி, அதன்மேல் உரசும் கரித்துண்டுகளான பிரஷ்களின் ஹோல்டரிலிருந்து பாடி வரை தீப்பொறி பாய்ந்த தடம் தெரிந்தது.

இந்த மோட்டார் பிறந்தது வார்டு லெனார்டு செட்டுக்காக. ஒரு ஏசி மோட்டார், அதோடு இணைத்த ஒரு டிசி ஜெனரேட்டர். ஜெனரேட்டரின் ஃபீல்டை, அதாவது காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால் வெளியே வரும் வோல்ட் கூடிக் குறையும், டிசி மோட்டாரின் வேகமும் அதோடு ஏறி இறங்கும். ஹாரி வார்டு லெனார்டு 1891-ல் கொடுத்த இந்த வழியில்தான் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் எத்தனையோ வைண்டர்கள் (தூக்கு யந்திரங்கள்) ஓடின. ஜெனரேட்டரிலிருந்து வரும் டிசி சுத்தமானது, அலை இல்லாதது. அதை நம்பித்தான் இந்த மோட்டாரின் யோக்கை (போல்களைத் தாங்கும் வெளி வளையத்தை) மெல்லிய தகடுகளாக அடுக்காமல் கெட்டி இரும்பாகவே வார்த்திருக்கிறார்கள்.

அங்கே செட் பழுதானதும் அதை எடுத்துவிட்டு ஏசியை வெட்டி டிசியாக்கும் மின்னணு சுவிட்சுகளான தைரிஸ்டர்களைக் கொண்ட டிரைவ் ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். 400 வோல்ட் மூன்று பேஸிலிருந்து ஆறு தைரிஸ்டர் பிரிட்ஜ் முழுதாகத் திறந்தால் சராசரி 540 வோல்ட் டிசி வரும். மோட்டார் கேட்பதோ 220. ஆகவே டிரைவில் வோல்ட் வரம்பை 220-ல் நிறுத்திவிட்டார்கள். மீட்டரில் பார்த்தால் 220 சரியாகவே காட்டும். ஆனால் அந்த 220-ஐக் கொடுக்க தைரிஸ்டர்கள் 66 டிகிரி அளவுக்குத் தாமதமாகத் திறக்கின்றன. ஆர்மெச்சூருக்குப் போவது சுமார் 460 வோல்ட் உச்சம் வரை தொடுகிற, வெட்டி வெட்டி வருகிற அலை. சராசரி சரியாக இருப்பதால் மோட்டாருக்கும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நொடிக்கு 300 முறை மின்னோட்டம் ஏறி இறங்கும்போது, கெட்டி யோக்கில் எடி மின்னோட்டம் (சுழல் மின்னோட்டம்) எழுந்து, முக்கியப் போல்களுக்கு இடையில் இருக்கும் சிறிய போலான இன்டர்போலின் காந்தப்புலம் பின்தங்கிவிடும். புலம் பிந்தினால் கம்யூட்டேஷன் (காயிலில் மின்னோட்டம் திசை மாறுவது) கெடும், பிரஷ்ஷடியில் பொறி பறக்கும். அப்படிப் பொறிந்து பொறிந்துதான் ஒருநாள் பாடி வரை பாய்ந்து ஃபிளாஷ்ஓவர் ஆகியிருக்கிறது.

எளிய வழி ஒன்று இருந்தது: டிரைவுக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஏசியையே குறைப்பது. ஆனால் ஆர்மெச்சூர் எப்படியும் முழுதாகக் கட்ட வேண்டிய நிலை. கம்யூட்டேட்டரும் புதிது வேண்டும். அப்படியானால் மோட்டாரையே 440 வோல்ட்டுக்கு மாற்றிக் கட்டினால் என்ன என்று தோன்றியது. தைரிஸ்டர்கள் நன்றாகத் திறந்த நிலையில் ஓடும், அலை குறையும், பவர் ஃபேக்டரும் கூடும். ஏசி மோட்டார் போட்டு இன்வெர்ட்டர் வைக்கலாமே என்ற கேள்வியும் வந்தது. கியர் பாக்ஸ், கப்ளிங், டிரைவ், பேனல் எல்லாமே டிசிக்காக இருந்ததால் தொழிற்சாலை அதை விரும்பவில்லை. எனக்கும் இந்த இரும்பை விட மனமில்லை.

பிரித்து எண்ணினோம். ஆர்மெச்சூர் விட்டம் 320 மில்லிமீட்டர், கோர் நீளம் 250. ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) 46. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மேலே மூன்று, கீழே மூன்று என ஆறு கண்டக்டர். காயிலுக்கு ஒரே சுற்று. மொத்தம் 276 கண்டக்டர், கம்யூட்டேட்டரில் 138 செக்மென்ட் (செம்புத் துண்டு). வைண்டிங் லேப்.

நான்கு போல் மோட்டாரில் லேப் கட்டினால் மின்னோட்டம் நான்கு இணைப்பாதைகளாகப் பிரியும். வேவ் கட்டினால் எத்தனை போல் இருந்தாலும் இரண்டே பாதை. ஆக அதே 276 கண்டக்டரை, அதே பருமனில், அதே ஸ்லாட்டில் வைத்து இணைப்பை மட்டும் வேவாக மாற்றினால் ஒவ்வொரு பாதையிலும் இரட்டிப்பு கண்டக்டர் வரிசையாக நிற்கும். அதே காந்தப்புலத்தில் அதே வேகத்துக்கு இரட்டிப்பு வோல்ட் கிடைக்கும். வெளி மின்னோட்டம் 155-லிருந்து 77.5 ஆம்பியராகப் பாதியாகும். பாதை ஒன்றுக்கு முன்பு 155-ல் கால் பங்கு, இப்போது 77.5-ல் அரைப் பங்கு, இரண்டுமே 38.75 ஆம்பியர்தான். செம்புக்குப் புதிதாக எந்தச் சுமையும் இல்லை. இந்தக் கணக்கு தாளில் விழுந்த மாலை எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் வேவ் வைண்டிங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. செக்மென்ட் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியோ கழித்தோ, போல் ஜோடிகளால் வகுத்தால் முழு எண் வர வேண்டும். நமக்கு ஜோடி இரண்டு. 138 இரட்டைப்படை, ஆகவே ஒத்துவராது. 137 என்றால் 138-ஐ இரண்டால் வகுத்து 69, அல்லது 136-ஐ வகுத்து 68. கம்யூட்டேட்டர் எப்படியும் புதிதாகச் செய்யப்போகிறோம், 137 செக்மென்ட்டுக்கே சொல்லிவிட்டோம். ஸ்லாட்டில் 138 காயில் இருக்கும், கம்யூட்டேட்டரில் 137-க்குத்தான் இடம். மிஞ்சிய ஒரு காயில் டம்மி. இரு முனைகளையும் வெட்டி, நன்றாக இன்சுலேட் செய்து, ஸ்லாட்டிலேயே விட்டுவிட வேண்டும். எடை சமநிலைக்காக மட்டும் அது அங்கே இருக்கும். நல்ல காயிலின் முனையை வெட்டுவதைப் பார்த்துப் பட்டறைப் பையன் பதறிப்போனான். அவனை உட்காரவைத்து விரலால் செக்மென்ட் எண்ணிக் காட்டினேன். 69 தாண்டி, மறுபடி 69 தாண்டினால் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்து செக்மென்ட்டில் வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

செக்மென்ட்களுக்கு இடையில் சராசரி வோல்ட் முன்பு 6.4 இருந்தது, இப்போது 12.8 ஆகிறது. காம்பன்சேட்டிங் வைண்டிங் (ஆர்மெச்சூரின் புலத்தை ஈடுகட்டும் சுற்று) இல்லாத மோட்டாரில் 15-ஐத் தாண்ட எனக்குத் துணிவில்லை, 12.8-ல் நிம்மதியாக இருக்கலாம். ஸ்லாட் இன்சுலேஷனைப் புதிய வோல்ட்டுக்கு ஏற்பக் கூட்டினோம். பழைய பருத்தி, மைக்காவுக்குப் பதில் இப்போதைய எச் கிளாஸ் தாள்கள் (எஃப் கிளாஸைவிட அதிகச் சூடு தாங்குபவை) மெல்லியவை என்பதால் இடம் போதுமானதாகவே இருந்தது. வெப்ப ஏற்றத்தை மட்டும் எஃப் கிளாஸ் அளவுக்குள் வைத்துக் கணக்கிட்டேன், ஏனென்றால் ஜெர்மிஸ்டன் மலைமேட்டில் இருக்கிறது. மோட்டார் தரநிலைகள் 1000 மீட்டர் உயரம் வரைதான் பொருந்தும். அங்கே 1600 மீட்டருக்கும் மேல். காற்று மெல்லியது, சூட்டை வாரிக்கொண்டு போகும் சக்தி குறைவு. ஜோகனஸ்பர்க்கில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குடியிருக்கும் நம்மவர்கள் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவில்லை என்று சொல்வதும் இதே காற்றால்தான்.

அடுத்தது இன்டர்போல். இங்கேதான் பலர் தவறுவார்கள். ஆர்மெச்சூரில் ஆம்பியர்-கண்டக்டர் மாறவில்லை, ஆகவே அதை எதிர்கொள்ளும் இன்டர்போலின் ஆம்பியர்-சுற்றும் மாறக்கூடாது. ஆனால் அதன் வழியாகப் போகும் மின்னோட்டம் பாதியாகிவிட்டது. போல் ஒன்றுக்கு ஆர்மெச்சூர் ஆம்பியர்-சுற்று 1337. இன்டர்போலுக்கு அதைவிடக் கால் பங்கு கூடுதலாக வேண்டும், சுமார் 1670. அதை 77.5-ஆல் வகுத்தால் 21.6. பழைய காயிலில் 11 சுற்று இருந்தது; புதிதில் 22 சுற்று, பாதிப் பருமன் பட்டை. கணக்கும் பழைய ஆளின் கணக்கும் ஒத்துப்போனதும் மனசுக்கு உறுதி வந்தது. பெயர் தெரியாத அந்த வடிவமைப்பாளர் அன்றைக்கு எந்த விகிதத்தை எடுத்தாரோ அதே விகிதத்தில்தான் நானும் வந்து நின்றேன்.

ஃபீல்டு காயில்கள் நன்றாக இருந்தன, கழுவி வார்னிஷ் மட்டும் கொடுத்தோம். யோக் கெட்டி இரும்பு என்பதை மாற்ற முடியாது. அதனால் ஆர்மெச்சூரோடு வரிசையில் 3 மில்லிஹென்றி சோக் (அலையைத் தணிக்கும் காயில்) ஒன்று வைக்கச் சொன்னேன். குளிர்ச்சிக்கு முன்பு ஷாஃப்ட்டிலேயே விசிறி இருந்தது. எக்ஸ்ட்ரூடர் குறைந்த வேகத்திலும் முழு டார்க் (முறுக்கு விசை) கேட்கும் யந்திரம். 300 ஆர்பிஎம்மில் விசிறி காற்றே தராது, ஆனால் ஆர்மெச்சூர் செம்பில் இழப்பு அப்படியே இருக்கும். விசிறியை எடுத்துவிட்டு, தனி மோட்டாரோடு ஒரு புளோயரை கம்யூட்டேட்டர் பக்கம் பூட்டினோம்.

பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார், எல்லோருக்கும் தாத்தா. அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த பிறகு அடுத்தடுத்து வந்த கப்பல்களில் ஒன்று. அவருக்குத் தமிழ் என்பது ஆயா சொல்லிக்கொடுத்த சில வாக்கியங்களும் கோயில் பாட்டுகளும்தான், மற்றதெல்லாம் ஆங்கிலம். கம்யூட்டேட்டர் விஷயத்தில் மட்டும் அவர் கை வைக்காமல் எதுவும் வெளியே போகாது. லேத்தில் கடைந்து, ஆட்டம் 0.02 மில்லிமீட்டருக்குள் வந்ததும் செக்மென்ட்களுக்கு இடையிலுள்ள மைக்காவை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அவரே கீறி எடுத்தார். ஒவ்வொரு செக்மென்ட்டின் விளிம்பையும் லேசாகச் சாய்த்துவிட்டார். 137 செக்மென்ட், இரண்டு விளிம்பு. ஒரு நாள் முழுக்க அதே வேலை.

பிரஷ்கள் நிற்க வேண்டிய இடமான நியூட்ரலைப் பார்க்க ஃபீல்டில் சிறிய பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்து, அடுத்தடுத்த பிரஷ் வரிசைகளுக்கு இடையில் மில்லிவோல்ட் மீட்டரின் முள் எங்கே அசையாமல் நிற்கிறதோ அங்கே பிரஷ் ஹோல்டர்களைத் தாங்கும் ராக்கரை இறுக்கினோம். வைண்டிங் மாறியிருப்பதால் பழைய குறி பொருந்தாது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். பழைய பஞ்ச் குறியை நம்பி இறுக்கியிருந்தால் அரை செக்மென்ட் தள்ளி நின்றிருக்கும். இன்சுலேஷன் சோதனை 1880 வோல்ட்டில் ஒரு நிமிடம்: இருமடங்கு வோல்ட்டோடு ஆயிரம்.

பிரஷ் பூட்டும்போது தாத்தா கேட்டார்: "தம்பி, பிரஷ் எல்லாம் அப்படியேவா?" வரிசைக்கு மூன்று பிரஷ், நான்கு வரிசை. 12.5-க்கு 20 மில்லிமீட்டர், அதாவது ஒன்று 2.5 சதுர சென்டிமீட்டர். "ஆமா தாத்தா, கரண்ட் பாதிதான், பிரஷ்ஷுக்கு இனி கஷ்டமே இல்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடித் தாளை எடுத்து பிரஷ்களை உட்காரவைக்க ஆரம்பித்தார். எமரித் தாளை அந்த வேலைக்குத் தொட விடமாட்டார். அதன் துகள் பிரஷ்ஷில் பதிந்து செம்பைக் கீறும்.

மே மாதம் பட்டறையிலேயே இன்னொரு டிசி யந்திரத்தை ஜெனரேட்டராக இணைத்து, ரெசிஸ்டர் வரிசையில் சுமை ஏற்றி 60 ஆம்பியரில் நான்கு மணி நேரம் ஓட்டினோம். பொறி இல்லை. கம்யூட்டேட்டரில் சாக்லேட் நிறப் படலம் அழகாகப் படிந்தது. கடற்காற்று வீசிக்கொண்டிருந்த நாள். 24 டிகிரி, ஈரப்பதம் 72 சதவீதம் என்று குறித்துவைத்திருக்கிறேன்.

ஜூலை நடுவில் போன் வந்தது. மோட்டார் ஓடுகிறது, வேகம் கல்போல நிற்கிறது, ஆனால் பிரஷ் கரைகிறது, உள்ளே கரித்தூள் குவிகிறது.

இங்கே ஆடி மாதம் நடுக்குளிர்காலம். டர்பன் மாரியம்மன் கோயில்களில் கஞ்சி வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகள். அப்படி ஒரு ஞாயிறு காலை வீட்டாரைக் கோயிலில் விட்டுவிட்டு நான் என்3 நெடுஞ்சாலையில் ஏறினேன். வான் ரீனென் கணவாய் ஏறி ஹாரிஸ்மித் பக்கம் வந்ததும் புல்வெளியெல்லாம் காய்ந்த வைக்கோல் நிறம். கடற்கரையின் பச்சை எங்கேயும் இல்லை. உதடு வெடித்தது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மூடியைத் திறந்ததும் தெரிந்தது. சாக்லேட் நிறப் படலம் போய், செம்பு பளபளவென்று நூல் நூலாகக் கீறியிருந்தது. சில இடங்களில் பள்ளம் 0.2 மில்லிமீட்டர். 32 மில்லிமீட்டர் நீள பிரஷ்களில் ஐந்து வாரத்தில் 9 மில்லிமீட்டர் போயிருந்தது. மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டரில்) இன்சுலேஷன் 200 மெகாஓமிலிருந்து 2-க்கு இறங்கியிருந்தது, எல்லாம் கரித்தூளால். பொறியின் தடயமோ நீலச் சூடோ எங்கும் இல்லை. அதாவது கம்யூட்டேஷன் சரி, இன்டர்போல் சரி, வைண்டிங் சரி. பழுது பிரஷ்ஷுக்கும் செம்புக்கும் இடையில் இருக்கும் அந்த மெல்லிய படலத்தில்.

ஓடும்போது மின்னோட்டம் பார்த்தேன்: 43 முதல் 46 ஆம்பியர். நோட்டை எடுத்து நான் போடாமல் விட்ட கணக்கை அங்கே தரையில் உட்கார்ந்து போட்டேன். பழைய மோட்டாரில் முழுச்சுமையில் ஒரு வரிசைக்கு 77.5 ஆம்பியர், பரப்பு 7.5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 10.3 ஆம்பியர். எலெக்ட்ரோகிராஃபைட் பிரஷ்ஷுக்குப் பொருத்தமான அளவு. நான் மாற்றிய பிறகு 45 ஆம்பியரில் வரிசைக்கு 22.5, சதுர சென்டிமீட்டருக்கு 3 ஆம்பியர். பாதியான மின்னோட்டத்தை செம்பில், இன்டர்போலில், கேபிளில், டிரைவ் செட்டிங்கில் எல்லாவற்றிலும் பார்த்தேன். பிரஷ்ஷில் மட்டும் 'குறைவு நல்லது' என்று விட்டுவிட்டேன். பிரஷ்ஷுக்குக் குறைவு நல்லதல்ல. படலம் உருவாக மின்னோட்டம் வேண்டும், கொஞ்சம் சூடும் வேண்டும். என் புளோயர் கம்யூட்டேட்டரை 45 டிகிரியில் குளிர்ந்துபோக வைத்திருந்தது. 60-க்கு மேல் இருந்தால்தான் படலம் நன்றாகப் பிடிக்கும்.

மூன்றாவது, நீராவி. கிராஃபைட் தானாக வழுக்குவதில்லை. அதன் அடுக்குகளில் ஒட்டும் நீர் மூலக்கூறுகள்தான் அதை வழுக்க வைக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் உயரே பறந்தபோது ஜெனரேட்டர் பிரஷ்கள் மளமளவென்று தூளாகிப்போய், அதற்குக் காரணம் தேடியபோதுதான் இது துலங்கியது. அதற்காகவே பேரியம் ஃப்ளோரைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த பிரஷ்கள் வந்தன. அன்று பிற்பகல் ஜெர்மிஸ்டனில் 17 டிகிரி, ஈரப்பதம் 21 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் 3 கிராம் நீராவிதான். டர்பனில் நான் சோதித்த அன்று ஏறக்குறைய 16 கிராம். கடலோரத்தில் அந்தக் குறைந்த மின்னோட்டத்தையும் படலம் பொறுத்துக்கொண்டிருக்கும். மலைமேட்டுக் குளிர்காலத்தில் இரண்டும் சேர்ந்ததும் தாங்கவில்லை. உயரத்தைச் சூட்டுக்காக மட்டும் கணக்கில் எடுத்தேன், வறட்சிக்காக எடுக்கவில்லை.

இரவு தாத்தாவோடு போனில் பேசினேன். அவர் சொன்னது: வேவ்தானே, இரண்டு வரிசையையே எடுத்துவிடு. அதுவும் நடக்கும், வேவ் வைண்டிங்குக்கு இரண்டு வரிசை போதும். அப்படிச் செய்தால் 45 ஆம்பியரிலேயே சதுர சென்டிமீட்டருக்கு 6 வரும். ஆனால் கெட்டி யோக், தைரிஸ்டர் அலை இரண்டும் இருக்கிற இடத்தில் கம்யூட்டேஷனுக்கு இருக்கிற தாராளத்தைக் குறைக்க நான் விரும்பவில்லை. நான்கு வரிசையையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே தடத்தில் இருக்கும் ஒரு பிரஷ்ஷை எடுப்பது என்று முடிவு செய்தேன். தடம் மாறி மாறி எடுக்கக்கூடாது. ஒவ்வொரு தடத்திலும் பாசிட்டிவும் நெகட்டிவும் சமமாக ஓட வேண்டும். இப்போது 45 ஆம்பியரில் 4.5, முழுச்சுமையில் 7.75. மீதி எட்டுக்கும் வறண்ட காற்றுக்கென்று வரும் கிரேடு பிரஷ்களை வரவழைத்தோம். புளோயரை அடைக்கச் சொன்னார்கள், அதை மட்டும் மறுத்துவிட்டேன். கோடையில் தடித்த கேபிள் ஓடும்போது மெதுவான வேகத்தில் முழு டார்க் கேட்கும், அப்போது அந்தக் காற்றில் ஒவ்வொரு துளியும் வேண்டும்.

கம்யூட்டேட்டரை இருந்த இடத்திலேயே கல் பிடித்துச் சமன் செய்து, விளிம்புகளை மறுபடி சாய்த்து, தூளை வேக்குவம் போட்டு உறிஞ்சினோம். காற்றடித்தால் தூள் காயில் இடுக்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங் அழுத்தத்தை எல்லா ஹோல்டரிலும் சதுர சென்டிமீட்டருக்கு 190 கிராமுக்கு வைத்தோம். இரண்டு ஸ்பிரிங் 130-ல் இருந்தன, மாற்றினோம். முதல் இரண்டு நாள் அங்கேயே இருந்து, அதிகச் சுமை வரும் கேபிளாக ஓட்டச் சொன்னேன். இரண்டாம் நாள் மாலை செம்பில் லேசாகப் பழுப்பு ஏறியது.

ஆகஸ்ட் கடைசியில் மறுபடி போய் அளந்தேன். ஆறு வாரத்தில் பிரஷ் தேய்மானம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மெகர் 150 மெகாஓம். படலம் சீராக, கொஞ்சம் வெளிறிய நிறத்தில் இருக்கிறது. நவம்பரில் அங்கே மழைக்காலம் வந்த பிறகு மூன்றாவது அளவு எடுக்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான்கு ஹோல்டர்கள் காலியாக நிற்கின்றன. நாளை யாரோ ஒரு ஃபிட்டர் மூடியைத் திறந்தால், பிரஷ் விழுந்துவிட்டது என்று நினைத்து அக்கறையோடு நான்கையும் பூட்டிவிடுவார். அதனால் அந்த நான்கின் ஸ்பிரிங்குகளையும் கழற்றி ஒரு பையில் போட்டு டெர்மினல் பாக்ஸுக்குள் கட்டினேன். மூடியின் உட்புறத்தில் பிரஷ் கிரேடு, அளவு, எந்தத் தடம் காலி, ஏன் காலி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். அங்கிருக்கும் எலெக்ட்ரீஷியன் அதற்குக் கீழே ஜூலுவிலும் எழுதிக்கொடுத்தார்.